முதலில் எதைக் கேட்பது

மார்ச் 3
பத்திரிகை ஆசிரியர் தலைப்பை முன்கூட்டியே கொடுத்துவிட்டார்: ‘வரி உயர்வு வேண்டாம் – மக்கள்’. இனி மக்களைப் பிடிப்பது என் வேலை. நகராட்சியின் மாலை மருத்துவமனையை மூடுவதா, அதை நடத்த வரியைக் கூட்டுவதா? வெள்ளிக்கிழமை முடிவு. வேலை விட்டு வருகிறவர்கள் காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட அதை விட்டால் வேறு இடமில்லை.

பேருந்து நிலையத்தில் கேட்டேன்: வரியைக் கூட்டலாமா? ஒருவர் பாக்கியில்லாமல், கூடாது. கடைசியாக அண்ணன் கடை. தவணையில் எடுத்த புது ஃப்ரிட்ஜில் சாய்ந்துகொண்டு, “வரவுக்கு மேல செலவு பண்ற அரசாங்கம் உருப்படுமா?” என்றான்.

“நீ சாஞ்சிருக்கிறது யாரு காசு?”

“அது தொழில். நான் சொன்னதை எழுதிக்கோ.”

எழுதிக்கொண்டேன்.

மார்ச் 4
அதே இடம். கேள்விகளை மட்டும் இடம் மாற்றினேன். முதலில், மருத்துவமனையை மூடலாமா? அப்புறம்தான் வரி.

“மூடுறதா? எவன் சொன்னான்?” என்றாள் தையல்காரம்மா. வரி என்றதும் சற்று யோசித்தாள். “கூட்டட்டும். வேற வழி? ஆனா கணக்கைக் காட்டணும்.”

பாதிக்கு மேல் இதே பதில். நேற்று கூடாது என்றவளும் இவள்தான். அப்போ நேற்று சொன்னது பொய்யா? இல்லை. நேற்று நான் பாதியைத்தான் கேட்டேன்.

மார்ச் 5
ஆசிரியர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏம்மா, வேணும்ங்கிறாங்களா, வேணாம்ங்கிறாங்களா?”

“ரெண்டும்தான் சார்.”

“ரெண்டும்னு தலைப்பு வைக்க முடியுமா? ரெண்டாவது நாளைத் தூக்கிடு.”

“அப்ப என் பேரையும் தூக்கிடுங்க.”

இதை நான் அடிக்கடி சொல்வதில்லை. அது அவருக்கும் தெரியும்.

“சரி, தலைப்பையும் நீயே வச்சுத் தொலை” என்றார்.

மார்ச் 6
கட்டுரை வந்துவிட்டது. கேட்ட கேள்விகள், கேட்ட வரிசை, எல்லாம் அப்படியே.

அண்ணன் போனில்: “கூடப் பிறந்தவளே குழி பறிச்சா நான் எங்க போவேன்?”

“ஒரு கடைக்காரர்னுதானே போட்டேன்.”

“ஃப்ரிட்ஜையும் போட்டியே. ஊருக்கே தெரிஞ்சுபோச்சு.”

மார்ச் 7
நகராட்சிக் கூட்டம். தலைவர் கையில் எங்கள் பத்திரிகை. இரண்டையும் சேர்த்தே கேட்டார்: வரி கூடினால் மருத்துவமனை இருக்கும், இல்லையென்றால் மூடப்படும், எது? உறுப்பினர்கள் கை தூக்கினார்கள். வரி கூடியது. மாதாமாதம் கணக்கை வாசலில் ஒட்ட வேண்டும் என்பது நிபந்தனை.

பார்வையாளர் வரிசையிலிருந்து அண்ணன் கோபமாக வெளியேறினான். மறந்த குடைக்காகத் திரும்பி வந்து, மறுபடியும் கோபமாக வெளியேறினான்.

ஜூலை 18
மாலை மருத்துவமனை. வாசலில் இந்த மாதக் கணக்கு ஒட்டியிருந்தது, மழை பட்டு ஓரம் சுருண்டிருந்தது. உள்ளே பெஞ்சில் அண்ணன். மடியில் மகள், காய்ச்சலில் தூக்கம். பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: “இவ்வளவு வரி கட்டுறோம், ஒரே ஒரு டாக்டர்தானா? இன்னொருத்தரைப் போட்டா என்னவாம்?”

என்னைப் பார்த்தான். பிறகு பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான்.

“இதையும் எழுதிக்கோ.”

எழுதிக்கொண்டேன்.