மூன்றாம் கோபுரத்தில் மறுக்கப்பட்டவை

செவ்வாய்க் கிரகம், ஏழாம் தண்ணீர் நிலையம்

நாள் 211. காலை 6.10

யாழுக்குட்டி, நீ எழுதுகிற பதிவை இன்றும் அம்மாதான் எழுதுகிறேன். காற்றழுத்தம் சரி. தண்ணீர் 340 லிட்டர். பனி உருக்கும் மோட்டார் ஓடுகிறது. மூன்றாம் வயர்லெஸ் கோபுரத்தைச் சரிசெய்ய நீ போய் ஆறு நாள். புழுதிப் புயல் நேற்றுதான் அடங்கியது. கோபுரம் இன்னும் செத்துக் கிடக்கிறது. அதன் அடியில் இருக்கும் அறையில் பத்து நாளைக்குக் காற்று உண்டு. நீ அதில் பத்திரமாக இருப்பாய் என்று தலைமை நிலையத்து இருளப்பன் நம்பவில்லை.

"அக்கா, அந்த ரூம புயல் பேத்திருக்கும். மனசத் தேத்திக்கங்க."

பார்த்துவிட்டா சொல்கிறான்?

நாள் 211. பகல் 11.40

மறுபடி கூப்பிட்டான். வேறொரு நிலையத்தில் யாரோ வயர்லெஸ் வழியாக நுழைந்து காற்று மோட்டாரை நிறுத்திவிட்டார்களாம். நாளை மாலைக்குள் எல்லா நிலையமும் வயர்லெஸுக்குப் புதுப் பூட்டு போட வேண்டும்.

"நான் அஞ்சாங்கிளாஸ் தம்பி. சமைக்க வந்தவ."

"யாழ்மொழி பரீட்சைக்கு எழுதுன நோட்டு இருக்குமே. அதப் பாத்துப் பண்ணுங்க. கொழம்பு வக்கிறதவிட சுலபந்தான்."

"அப்ப நீ வந்து ஒருநா கொழம்ப வையேன்."

நாள் 212. பகல் 2.30

உன் நோட்டை நாலு தடவை படித்தேன். எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன், தப்பென்றால் திட்டாதே. வெப் என்பது முதல் பூட்டு. கொஞ்ச நேரம் ஒட்டுக்கேட்டாலே அதன் சாவி தெரிந்துவிடும். அதற்கு அவசரமாகப் போட்ட ஒட்டுத்தான் டபிள்யூபிஏ. அடுத்தது டபிள்யூபிஏ டூ. நல்ல பூட்டு. ஆனால் இரண்டு பக்கமும் முதலில் பேசிக்கொள்வதைப் பிடித்துக்கொண்டு போய், சாவியை ஆற அமர ஊகிக்கலாம். கடைசியாக வந்த டபிள்யூபிஏ த்ரீயில் அது நடக்காது. ஒவ்வொரு தடவையும் வாசலுக்கு வந்துதான் கேட்க வேண்டும்.

மாதிரிக் கேள்வி 31. பழைய கருவிகளுக்காகப் பழைய பூட்டையும் சேர்த்து அனுமதிக்கலாமா? 'கூடாது' என்பதன் அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறாய். நம் நிலையத்தில் அனுமதித்துத்தான் இருக்கிறது. பரீட்சை முடிந்ததும் மாற்றலாம் என்று விட்டிருப்பாய்.

நாள் 212. மாலை 4.20

மாற்றிவிட்டேன். இனி த்ரீ மட்டும்.

"பாஸாயிட்டீங்கக்கா! சர்டிபிகேட் அனுப்பட்டுமா?"

நீ போன பிறகு இன்றுதான் சிரித்தேன்.

நாள் 214. காலை 6.30

மூன்றாம் கோபுரம் வேலை செய்கிறது. முந்தாநாள் மாலை 4.50க்கே வந்திருக்கிறது. நான் மாற்றிய அரை மணியில். நான் கவனிக்கவே இல்லை. புதுப் பூட்டு தானாகவே அதற்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதில் 'மறுக்கப்பட்டவை' என்று ஒரு பட்டியல். எல்லாம் ஒரே பெயர். யாழ்மொழி, ஸ்பேஸ்சூட். காரணம்: பழைய வகை.

உன் சூட்டில் இருப்பது பழைய ரேடியோவா? எனக்குத் தெரியாதே.

பதினோரு தடவை. கடைசியாக இன்று 5.48க்கு.

பழைய பூட்டையும் அனுமதித்தேன். கூப்பிட்டேன். கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன்.

நாள் 214. காலை 9.15

பதில் இல்லை.

"அக்கா, சூட்டு தானாவே லைன் தேடும். ஆளு இல்லன்னாலும், பேட்டரி இருக்கிற வரைக்கும் தேடும்."

"கோபுரம் தானா சரியாகுமாடா?"

வண்டி அனுப்புகிறோம், வந்து சேர நாலு நாளாகும் என்றான்.

அறையில் காற்று நாளை வரைக்கும்தான்.

நாள் 215. நேரம் பார்க்கவில்லை

தண்ணீர் அளக்கவில்லை. பட்டியலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் எட்டும் நாலு மணி நேரத்துக்கு ஒன்று, ஒழுங்காக. அப்புறம் ஒன்பது மணி நேரம் ஒன்றுமில்லை. கடைசி மூன்றும் ஒரே நிமிஷத்தில். மிஷின் அப்படிப் பதறாது.

நீ படித்தவள். மறுப்பு வந்ததுமே உனக்குப் புரிந்திருக்கும், யாரோ பூட்டை மாற்றிவிட்டார்கள் என்று. இங்கே என்னைத் தவிர ஆள் இல்லை என்பதும் உனக்குத் தெரியும்.

அந்த ஒரு நிமிஷத்தில் அம்மாவைப் பற்றி என்ன நினைத்தாய், யாழு?