வெள்ளிக்கிழமைப் பாரைத் தலை

என் உசிரான உம்மாவுக்கு,

உங்கள் கபுறை அல்லாஹ் விசாலமாக்கி வைப்பானாக. நீங்கள் போய் நேற்றோடு நாற்பது நாள்.

பொய் சொல்ல மாட்டேன் உம்மா. இந்த நாற்பது நாளும் நான் அழுததைவிடப் பொறாமைப்பட்டதுதான் அதிகம். வேறு யார் மேல்? உங்கள் மருமகன், நம் பரீதாவின் மாப்பிள்ளை ஹனீபா மச்சான் மேல்தான்.

நீங்கள் மௌத்தான காலையில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் என்ன அறிவித்தார்கள் தெரியுமா? ‘ஹனீபா அவர்களின் மாமியார்’ என்றார்கள். தொண்ணூற்றொரு வருசம் வாழ்ந்தவர் நீங்கள். வாப்பா போன பிறகு சாகாமத்து வயலுக்குத் தனியாகப் போய், வரம்பில் நின்று வெள்ளாமை வெட்டுவித்தவர். ஒரே ஒரு ஆண்பிள்ளையைப் பெற்றவர். அந்தப் பிள்ளையின் பெயர் கல்முனையில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

நம் ஊர் வழக்கம் அப்படி. வீடு பெண்பிள்ளைக்கு, ஆண்பிள்ளை பெண்டாட்டி வீட்டுக்கு. தங்கச்சி பரீதாவுக்கு வீட்டை எழுதிக் கொடுத்தீர்கள். நான் கலியாணம் முடித்து அக்கரைப்பற்றுக்குப் போனேன். அதில் எனக்குக் குறையில்லை. என் குறையெல்லாம் உங்கள் ஏச்சில்தான்.

மச்சான் வந்த புதிதில் கதவுக்குப் பின்னால் நின்றுதான் அவரோடு கதைப்பீர்கள். போகப் போகக் கதவும் போனது, கூச்சமும் போனது. “கண்ண எங்க வெச்சிட்டுச் சந்தைக்குப் போறீங்க மருமகன்? இதுவா மீன்? பூனையும் திண்ணாது!” என்று நீங்கள் ஏசுவது ஒழுங்கை முனை வரை கேட்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வாசலில் கால் வைத்ததும் அந்தக் குரல் அடங்கிவிடும். “வாங்க மகன், இரிங்க” என்று கதிரையை முந்தானையால் துடைப்பீர்கள். பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணி வரும். நான் பிறந்த வீட்டில் எனக்கு விருந்தாளிக் கோப்பை! மருமகனுக்குரிய மரியாதை எனக்கு, மகனுக்குரிய ஏச்சு அவருக்கு. எத்தனை தடவை பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பியிருப்பேன்?

கடல் ஊருக்குள் வந்த அன்றும் உங்களைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவர் அவர்தான். நான் மறுநாள்தான் வந்து சேர்ந்தேன். உங்களை உயிரோடு கண்ட சந்தோசத்துக்குள்ளும், அந்தத் தோள் என்னுடையதாக இல்லையே என்று நெஞ்சு எரிந்தது. இது பாவமா உம்மா?

மூன்றாம் நாள் கத்தம் ஓதி முடிந்த பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. நீங்கள் இருக்கும்வரை அது உம்மா வீடு. இப்போது அது மச்சான் வீடு. எந்த உரிமையில் போய்க் கதவைத் தட்டுவது? நாற்பதாம் கத்தத்தோடு அந்த வாசலை மறந்துவிட வேண்டியதுதான் என்ற நினைப்போடுதான் நேற்று வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு போனேன்.

ஓதி முடித்துச் சனம் கலைந்தது. நானும் எழும்பினேன். பரீதா கையைப் பிடித்து இருத்திவிட்டு, ஒரு பீங்கானைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். பாரை மீன் தலை ஆணம். குழம்புக்குள் முழுத் தலை.

“எல்லாருக்கும் இறைச்சிதானே, எனக்கு மட்டும் என்ன இது?”

“ஒங்கட பங்கு காக்கா,” என்றாள் தங்கச்சி. “உம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எடுத்து வெப்பா. ஜும்ஆ முடிஞ்சி நீங்க வருவீங்களாம். பின்னேரம் அசருக்கு வாங்கு சொல்ற வரைக்கும் ஒருத்தரையும் தொட உடமாட்டா.”

“எனக்கிட்ட ஒரு சொல்லுச் சொல்லல்லியே!”

“பொண்டாட்டி வீட்டுக்குப் போன மகனக் கூப்பிட்டா அந்த வீட்டுக்காரருக்கு மரியாதை இல்லையாம். தானா வரோணுமாம்.”

வெள்ளிக்கிழமைகளில் நான் மாமனார் வீட்டு விருந்தில் இருப்பேன் என்று உங்களுக்குத் தெரியாதா உம்மா? தெரிந்துமா வைத்தீர்கள்?

பக்கத்தில் இருந்த மச்சான் சிரித்தார். “அசருக்குப் பொறகு அது எனக்குத்தான். முப்பது வருசமா ஒங்கட மிச்சத்தத்தான் திண்டிருக்கன் மச்சான். எனக்கெண்டு ஒரு நாளாச்சும் மாமி ஒரு தலை எடுத்து வெக்கல்ல.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் இருந்த எரிச்சல் எனக்கு நன்றாகப் பழகியது. அவருக்கும் பொறாமை, உம்மா. என் மேல்!

நியாயமாக நான் நெகிழ்ந்திருக்க வேண்டும். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். என் பங்குத் தலைகளை முப்பது வருசமாக இந்த மனுசன் தின்றிருக்கிறாரே! அதன் பிறகுதான் அழுகை முட்டியது. சோற்றில் கை வைத்தபடி அப்படியே இருந்துவிட்டேன்.

மச்சானுக்குப் பொறுமை போய்விட்டது. “என்னத்துக்குப் பாத்துக்கிட்டு இரிக்கிறீங்க? ஆறிப்போகுது, தின்னுங்க! வாற வெள்ளிக்கிழமை நேரத்தோட வாங்க. அசர் வரைக்கும் காத்திரிக்க எனக்கு ஏலாது!”

அப்படியே உங்கள் தொனி. கலியாணம் முடித்த நாளிலிருந்து அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் ஏச்சு.

வருவேன் உம்மா. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், ஜும்ஆ முடிந்த கையோடு வருவேன். தலையில் பாதியை மச்சானுக்கு வைப்பேன். கன்னத்துச் சதையை மட்டும் கொடுக்க மாட்டேன். அது நீங்கள் எனக்கென்று வைத்தது.

இப்படிக்கு,
நீங்கள் ஏசாமலே விட்டுவிட்ட,
உங்கள் ஒரே மகன்.