பாட்டிலுக்கு வாய் திறக்காத பரிதி

ஜனவரி 5, 2025, ஞாயிறு

என் வீட்டுக்காரர் மணிவேல் பால் பாட்டில் வாங்கி வந்திருக்கிறார். அட்டைப் பெட்டியில் சிவந்த கன்னத்தோடு ஒரு வெள்ளைக்காரக் குழந்தை. பக்கத்தில் 'அம்மாவைப் போலவே' என்று இங்கிலீஷில் எழுதியிருக்கிறது. பரிதி பாட்டிலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நாலு மாதக் குழந்தைதான், ஆனால் ஏமாறவில்லை.

பிப்ரவரி மூன்றாம் தேதி நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். சிப்காட்டில், வண்டிகளுக்கு வயர் கோர்க்கும் கம்பெனி. எட்டு வருடம் கால் கடுக்க நின்று போன வருடம்தான் லைன் லீடர் ஆனேன். எங்கள் பிளாண்டில் முதல் பெண் லீடர். நான் போவதற்குள் பரிதி பாட்டிலுக்குப் பழகிவிட வேண்டும். திட்டம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

அவனை யார் பார்த்துக்கொள்வது? அத்தை சாந்தம்மா பாகலூர் பக்கம் ரோஜாக் கம்பெனியில் பூ தரம் பிரிக்கிறார். காதலர் தினம் முடியும் வரை அவருக்கு லீவு என்ற பேச்சே கிடையாது. எங்கோ வெளிநாட்டில் ஒருவன் ஒருத்தியிடம் காதலைச் சொல்ல, என் மாமியார் இங்கே முள் குத்திக்கொண்டு ஓவர்டைம் பார்க்க வேண்டும். நாகரசம்பட்டியில் என் அம்மாவுக்கு இரண்டு மாடு. "பேரனுக்குப் பால் குடுக்க நான் வந்துட்டா சொசைட்டிக்கு யாரு ஊத்தறது?" என்று கேட்டாள். நியாயம்தான்.

மிச்சம் இருப்பது மாமா, அதாவது என் மாமனார் கரியப்பன். கிரானைட் பட்டறையில் கல் தூக்கி முதுகு போனதிலிருந்து வீட்டில்தான் இருக்கிறார். டி.வி. ரிமோட்டைத் தவிர எதையும் அவர் கையில் தூக்கி நான் பார்த்ததில்லை.

ஜனவரி 8

முதல் சோதனை. மணிவேலும் கம்பெனிக்காரர்தானே, தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு வேறு. ஃபிரிட்ஜ் மேல் ஒரு சார்ட் ஒட்டிவிட்டார். தேதி, பாலின் சூடு, குழந்தையின் மனநிலை, முடிவு. முடிவு என்ற கட்டத்தில் 'நாட் ஓகே' என்று சிவப்புப் பேனாவில் எழுதினார்.

நடந்தது இதுதான். நிப்பிளைப் பரிதி நாக்கால் வெளியே தள்ளினான். மறுபடி வைத்தால் கடித்தான். மறுபடி வைத்தால் கத்தினான். வாசலில் ரேஷன் அரிசி விலைக்கு வாங்க வந்த ஆள்கூட எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். பத்து நிமிஷத்தில் நான் வாங்கி மார்பில் போட்டுக்கொண்டேன். அந்தப் பாலைப் பிழிந்து எடுக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதற்கு சார்ட்டில் கட்டம் இல்லை.

ஜனவரி 11

பக்கத்து வீட்டு முனிலட்சுமி அக்கா மூன்று பிள்ளை பெற்றவர். யோசனைக்குப் பஞ்சமே இல்லை. "கொழந்த உன் வாசனயத் தேடுது. குடுக்கறவங்க உன் நைட்டியப் போட்டுக்கினு குடுக்கணும்" என்றார். மாமா காதில் விழுந்தது. அன்று மதியம் வரை அவர் வீட்டுக்குள்ளேயே வரவில்லை.

கடைசியில் மணிவேல் போட்டுக்கொண்டார். ஊதாப்பூ போட்ட நைட்டி, தோளில் துண்டு, கையில் பாட்டில். பரிதி அவரை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தான். பிறந்ததிலிருந்து இவ்வளவு சத்தமாகச் சிரித்ததில்லை. குடிக்கத்தான் இல்லை. அந்த நேரம் பார்த்து கேஸ் சிலிண்டர்காரர் வந்து நின்றார். மணிவேலும் கௌரவமாகவே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

சார்ட்டில் இந்தச் சோதனையை அவர் எழுதவில்லை. நான் எழுதி வைத்தேன்.

ஜனவரி 14, பொங்கல்

கல்லாவியிலிருந்து மாமா பக்கத்துச் சொந்தமெல்லாம் வந்திருந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராக முயற்சி செய்தார்கள். கோயில் பிரசாதம் மாதிரி என் பிள்ளை கைமாறிக்கொண்டே இருந்தான். ஒருத்தர் பாட்டும் பாடினார். பாவம், பரிதி அழுகையை நிறுத்திக் கேட்டுவிட்டு இன்னும் பலமாக அழுதான்.

சாப்பிட்டுக் கைகழுவும்போது எல்லோருக்கும் ஒரே ஞானம் வந்தது. "புள்ள தெளிவா சொல்லுதுமா. நீ வேலைக்குப் போகக் கூடாதுன்னு சொல்லுது" என்றார் ஒரு பெரியப்பா. வாயைத் திறக்காத குழந்தை இவர்களிடம் மட்டும் இவ்வளவு பேசியிருக்கிறான். அதே பெரியப்பா கிளம்பும்போது, தன் மகளுக்கு எங்கள் கம்பெனியில் வேலை கிடைக்குமா என்று கேட்டார்.

ஜனவரி 17

தடுப்பூசி போடப் போனேன். சுவரில் போஸ்டர்: ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், புட்டிப்பால் வேண்டாம். நர்ஸிடம் என் நிலைமையைச் சொன்னேன். "பாட்டில் எல்லாம் தொடாதீங்க. சங்கு மாதிரி இருக்குமே, அந்தப் பாலாடையில குடுங்க" என்றார். நல்ல மனுஷி, சரியாகத்தான் சொல்கிறார். பாலாடையால் ஊற்றினால் பரிதி வாயில் வைத்திருந்து என் முகத்திலேயே துப்புகிறான். சர்க்கார் ஆறு மாதம் என்கிறது. கம்பெனி ஆறரை மாத லீவு கொடுத்துவிட்டேன் என்கிறது. வயிற்றைத் தள்ளிக்கொண்டு லைனில் நிற்க முடியாமல் பிரசவத்துக்கு முன்பே எடுத்த வாரங்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஜனவரி 20

மூன்றாவது பாட்டில். இதுவும் அம்மாவைப் போலவேதானாம்.

ஜனவரி 22

கம்பெனியிலிருந்து ஹெச்.ஆர். ஹரீஷ்குமார் போன் பண்ணினார். பெங்களூர்க்காரர், பேச்சில் கன்னடம் கலந்திருக்கும். "மூணாம் தேதி கன்ஃபர்ம் தானே பிரவீனா? இல்லன்னா மாதவனப் போட்டுடறோம். பேஜார் மாட்கோபேடி." நான் எதற்கு வருத்தப்படப் போகிறேன். நான் பழக்கிவிட்ட பையன் என் நாற்காலியில் உட்காரப் போகிறான், அவ்வளவுதானே.

போனை வைத்துவிட்டு அழுதேன். இவன் ஏன்தான் இப்படிப் பண்றான்? எல்லாப் புள்ளையும் குடிக்குது, இவனுக்கு மட்டும் என்ன வந்துது? நான் என்ன ஊர் சுத்தவா போறேன் — அழுதுகொண்டே அவனுக்குப் பால் கொடுத்தேன். என் கண்ணீர் கன்னத்தில் விழுந்ததுகூடத் தெரியாமல் அவன் பாட்டுக்குக் குடித்தான்.

அப்போதுதான் உறைத்தது. எங்கள் லைனுக்குப் பக்கத்தில் முன்பு ஒரு மேசை இருந்தது, தப்பாகக் கோர்த்த வயரைத் திருத்த. அது இருந்த வரை ஒருத்தரும் ஒழுங்காகக் கோர்க்கவில்லை. எப்படியும் திருத்திக்கொள்ளலாம் என்ற தைரியம். அந்த மேசையை எடுக்க வைத்தவள் நான்தான், அதற்காகத்தான் லீடர் ஆக்கினார்கள். இந்த வீட்டில் அந்த மேசை நானேதான். பத்து நிமிஷம் கத்தினால் நான் வந்துவிடுவேன் என்று அவனுக்குத் தெரியும். சார்ட்டும் நைட்டியும் என்ன செய்யும்?

ஜனவரி 25

மணிவேலுக்கு முதல் ஷிப்ட். அத்தை விடியும் முன்பே பூக்கம்பெனி வேனில் போய்விட்டார். பாலை வைத்துவிட்டு மாமாவிடம், "நான் வெளிய போறேன் மாமா. சாயந்தரம்தான் வருவேன்" என்றேன். "என்ன நம்பியாம்மா?" என்றார். "வேற யாரு மாமா இருக்காங்க?" என்றேன். அது பதில் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

கெலவரப்பள்ளி அணைக்குப் போய் உட்கார்ந்தேன். பாகலூர் ரோட்டில் பஸ் ஏறியது முதல் மனசு வீட்டில்தான். தண்ணீரில் வெள்ளை வெள்ளையாகக் கழிவு நுரை மிதந்தது. அதன் முன்னாலும் இரண்டு பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். மார்பு கட்டி வலித்தது, ஜாக்கெட் நனைந்து முந்தானையால் மூடிக்கொண்டேன். போன் வரவில்லை. போன் வராததுதான் பயமாக இருந்தது.

திரும்பி வந்தபோது மாமா வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நீட்டிய கால்மேல் பரிதி, முகம் ரோட்டைப் பார்த்து. பாட்டில் காலி.

"எப்படி மாமா?"

"பசிச்சுது. குடிச்சான்."

கீழே ஊற்றியிருப்பாரோ என்று எனக்குச் சந்தேகம். அது முகத்தில் தெரிந்துவிட்டது போல. மனுஷனுக்குக் கோபம் வந்து அடுத்த பாட்டிலை நிரப்பச் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கொஞ்சவில்லை, பாடவில்லை, முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கம்பெனி பஸ் போவதை இரண்டு பேரும் பார்த்தார்கள். பரிதி பஸ்ஸைப் பார்த்து வாய் பிளந்தபோது நிப்பிள் உள்ளே போயிற்று. முதலில் ஒரு சிணுங்கல், பிறகு குடிக்க ஆரம்பித்துவிட்டான்.

ஜனவரி 27

மணிவேல் சார்ட்டில் பச்சைப் பேனாவில் 'ஓகே' எழுதி, தீர்வு கண்டவர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். தொடர்ந்து கண்காணித்ததன் பலனாம்.

பிப்ரவரி 3

வேலைக்குப் போனேன். என் இடத்தில் மாதவன். "தற்காலிகம்தான்க்கா" என்று அவனே கூச்சத்தோடு சொன்னான். ஹரீஷ்குமார், நான் 'செட்' ஆகும் வரைக்கும் என்றார். ஆகாமலா எட்டு வருடம் நின்றேன்.

மதியம் பாத்ரூமில் பாலைப் பிழிந்து வாஷ்பேசினில் ஊற்றினேன். தண்ணீரைத் திறந்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

பழைய அட்டைப்பெட்டிகள் போட்டிருந்த ஸ்டோர் ரூமுக்குப் புது போர்டு மாட்டியிருக்கிறார்கள். 'குழந்தைகள் காப்பகம்'. கதவில் பூட்டு.

பிப்ரவரி 8

பரிதி இன்று என்னிடம் குடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு மாமா பக்கம் பார்த்து அழுதான். அவர் பாட்டிலோடு வந்ததும் அழுகை நின்றது. "பசி வேகம்மா, வேற ஒண்ணும் இல்ல" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

இதுக்குத்தானே பாடுபட்ட? இப்ப எதுக்குடி அழற?

பிப்ரவரி 11

வெள்ளைக்கார கஸ்டமர் சார்பில் நாளை மறுநாள் ஆடிட்டாம். ஹரீஷ்குமார் என்னை நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசினார். அப்போதே ஏதோ வில்லங்கம் என்று தெரிந்தது.

"காப்பகம் ரெடி. பொம்மை ரெடி. ஆயா ரெடி. ஒரு கொழந்த மட்டும் வேணும்."

என் மகனை ஒரு நாள் இரவல் கேட்கிறார். தினமும் வருகிறான் என்று நான் சொல்ல வேண்டுமாம். "லீடர் மேட்டர் நான் பாத்துக்கறேன்" என்றார். அவன் பாட்டிலில் நன்றாகக் குடிப்பானாமே, ரொம்ப வசதியாகப் போயிற்று என்றும் சொன்னார்.

வருகிறோம் என்றேன்.

பிப்ரவரி 13

கம்பெனி கார் வீட்டு வாசலுக்கே வந்தது. எனக்கு எட்டு வருடத்தில் வராத கார்.

காப்பகச் சுவரெல்லாம் முயல். பொம்மைகளின் மேல் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கக்கூட இல்லை. ஆயாவாக கேண்டீன் பார்வதி அக்கா, புது ரோஸ் கலர் சேலையில். "ஒரு நாளைக்குத் தோசைக்கல்ல விட்டு வந்தனே, அதுவே போதும்" என்று என் காதில் சொன்னார்.

சென்னையிலிருந்து வந்த ஆடிட்டர் அம்மா உள்ளே நுழையவும் பரிதி அழ ஆரம்பிக்கவும் சரியாக இருந்தது. ஹரீஷ்குமார் தயாராக வைத்திருந்த பாட்டிலை நீட்டினார். பரிதி அதைப் பார்த்து வாயைத் திறந்தேவிட்டான். நான் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டேன்.

"இவன் பாட்டில்ல குடிக்க மாட்டான் சார். நான்தான் குடுக்கணும். எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க."

ஆடிட்டர், மேனேஜர், ஹெச்.ஆர். எல்லோரும் வரிசையாக வெளியே போனார்கள். முயல் படம் போட்ட குட்டி நாற்காலியில் உட்கார்ந்து அவனை எடுத்தேன். முகத்தைத் திருப்பினான். இங்க வாடா, நான்தான்டா. அழுதான், தேடினான், மறுபடி திருப்பினான். நான் பொறுத்திருந்தேன். அப்புறம் பிடித்துக்கொண்டான். குடித்துக்கொண்டே நிமிர்ந்து என் தாவாக்கட்டையைத் தொட்டுப் பார்த்தான்.

"ஆச்சா பிரவீனா?" என்று ஹரீஷ்குமார் கதவைத் தட்டினார். "இன்னும் இல்ல சார்" என்றேன். பரிதி எப்போதோ தூங்கிவிட்டான். நான் எழுந்திருக்கவில்லை.

பிறகு ஆடிட்டர் அம்மா கேட்டார். "டெய்லி கொண்டு வர்றீங்களாம்மா?" ஹரீஷ்குமார் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்.

"இல்ல மேடம். இன்னைக்குத்தான் மொத தடவ. நாளைக்கு இந்த ரூமு பூட்டியிருக்கும்."

ஒரே நாளில் ஒரு பொய், ஒரு உண்மை. இரண்டும் அவனுக்காகத்தான்.

பிப்ரவரி 17

மாதவன் நிரந்தர லைன் லீடர் ஆனான். நோட்டீஸ் போர்டில் போட்டிருக்கிறார்கள். என் பழைய இடத்தில், வயர் கோர்க்கும் பலகை முன்னால் நிற்கிறேன். கால் வலிக்கிறது. கோபமும் இருக்கிறது, இல்லை என்று ஏன் எழுதணும்?

மார்ச் 10

காப்பகம் தினமும் திறக்கிறது. வாராவாரம் குழந்தையோடு போட்டோ அனுப்பச் சொல்லி ஆடிட்டர் எழுதிவிட்டுப் போனாராம். வேறு குழந்தை இல்லாததால் என்னை வேலையை விட்டு அனுப்பவும் வழியில்லை. பார்வதி அக்கா ஆயாவாகவே தங்கிவிட்டார். டீ பிரேக்கிலும் சாப்பாட்டு நேரத்திலும் நான் ஓடிப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வருகிறேன்.

மாமாவுக்குத்தான் பகல் போகவில்லை. "ஞாயித்துக்கெழமயாவது நான் குடுக்கறம்மா" என்றார். சரி என்றேன்.

மதியம் நிர்மலா போன் பண்ணினாள். அடுத்த லைன் பெண், அடுத்த மாதம் அவளுக்குப் பிரசவ லீவு முடிகிறது. குரலிலேயே அழுகை. "அக்கா, என் பொண்ணு பாட்டில வாய்கிட்டயே விடமாட்டேங்கறா. எல்லாம் பண்ணிப் பாத்துட்டன். நீ எப்படிக்கா பழக்குன?"

"பழக்காத" என்றேன். "இங்க கூட்டிக்கினு வந்துடு."