முன் சீட்டுக்கு வா

என் வீட்டு டாக்டரம்மாவுக்கு,

நீ வேலை முடிந்து வருவதற்குள் கிளம்பிவிட்டேன். மருத்துவச் சோதனையில் தேறிவிட்டேனாம். இன்று சாயங்காலமே பஸ்ஸை எடுக்கச் சொல்லி டிப்போவிலிருந்து போன் வந்தது. உன்னை மூன்று தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை.

வீட்டுச் சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கிறது. சூப் அடுப்பின் மேல் இருக்கிறது, உப்பு நீயே போட்டுக்கொள்.

ஏழு மாதம் ஆபீசில் ஃபைல் அடுக்கிப் பாதிச் சம்பளம் வாங்கியதற்கு உன்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். நீயே டிப்போ டாக்டரிடம் போய், "என் வீட்டுக்காரரு நூத்தி முப்பது கிலோ இருக்காரு. ராத்திரி மூச்சு நின்னு நின்னு வருது, பகல்ல கண்ணு சொக்குது. இவரை ஓட்ட விடாதீங்க" என்று சொன்னதை என்னால் தாங்கவே முடியவில்லை.

உன்னிடம் மறைத்த ஒன்று இருக்கிறது. நீ டாக்டரிடம் போனதற்கு முந்தின வாரம் சிக்னலில் பஸ்ஸை நிறுத்தியவன் அப்படியே தூங்கிப்போனேன். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்துத்தான் எழுப்பினான். பஸ்ஸுக்குள் நாற்பது பேர் இருந்தார்கள். நீ வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதுதான் நினைக்கத் துணிகிறேன்.

இருபத்திரண்டு கிலோ குறைந்திருக்கிறது. இன்னும் குறையவேண்டுமாம், குறைக்கிறேன். படுக்கும்போது மூச்சு நிற்காமலிருக்கப் போடும் மாஸ்க்கைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன்.

பி.கு.: ஆறே காலுக்கு நம் தெருமுனைக்கு வருவேன். ஏறி முன் சீட்டில் உட்கார். முழித்துக்கொண்டு ஓட்டுகிறேனா என்று நீயே பார்.