நூலகத்து மாடியிலிருந்து இறங்கிய வயர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் மக்கர் பண்ணுகிறது, நீ வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். பருவநிலை மாற்றத்தைச் சமாளிப்பதில் நம் நகராட்சி எல்லாரையும் முந்திவிட்டதாமே, உங்களுக்குப் பெருமையா இல்லையா என்று கேட்டிருந்தாய். பெருமைதான் கண்ணு, ஆனால் அந்த முன்னேற்ற அறிக்கையில் நூலகம் முழுக்க வெயிலில் ஓடுகிறது என்று ஒரு வரி இருக்கிறதே, அதன் கதையைப் போனில் சொன்னால் சித்தப்பா மேல் பாதியிலேயே கோபப்படுவாய், அதனால் முழுதாக எழுதுகிறேன்.

மூன்று மாதத்துக்கு முன் நகராட்சி என்ஜினீயர் வீட்டுக்கே வந்தார். நாற்பது வருட வயரிங் வேலையில் என்னை ஆபீஸ் வாசலிலேயே காக்கவைத்தவர்கள் நம் வாசல் தேடி வந்தால், எலி ஏன் அம்மணமாக ஓடுகிறது என்று கேட்கத்தானே தோன்றும். நூலகத்து மாடியில் சோலார் ஓடுகிறது, லைசென்ஸ் உள்ளவர் சான்றிதழில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்ணே என்றார். பார்த்துட்டுப் போடறேன் சார் என்றேன். எதுக்குச் சிரமம், மேல ஒரே வெயில் என்றார். வெயில் இல்லாத இடத்தில் யார் சோலார் வைப்பார்கள், அந்தப் பேச்சிலேயே சந்தேகம் கெட்டியாகிவிட்டது. மறுநாளே ஏறினேன். இருபத்துநாலு பேனலும் பளபளவென்று இருந்தன, அவற்றிலிருந்து இறங்கிய வயர் மீட்டர் அறைக்குள் வந்து சுருட்டிக் கட்டி ஆணியில் தொங்கியது. வெயில் கரண்டை லைட்டுக்கும் ஃபேனுக்கும் ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டர் இருக்க வேண்டிய சுவரில் நாலு துளைதான். நூலகத்து அம்மாவைக் கேட்டால், அந்த ரூம் பக்கமே போக வேணாம்னு சொல்லியிருக்காங்க, நான் எதையும் பார்க்கல என்று புத்தகம் அடுக்கப் போய்விட்டார். நான் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த வாரம் சான்றிதழை நோட்டீஸ் பலகையில் ஒட்டினார்கள். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், கீழே உன் சித்தப்பாவின் கையெழுத்து. கூடப் பிறந்தவன், அவனும் லைசென்ஸ்காரன்தானே. அன்றிலிருந்து நம் தெருவைச் சுற்றிக்கொண்டு போனான், நானும் கூப்பிடவில்லை. தெருவிளக்கு மாற்றும் வேலை அவனுக்குப் போனதென்று கேள்விப்பட்டதும் இன்னும் கசந்தது.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து நின்றான். மேலிடத்துக் குழு நேரில் வந்து சோதிக்கப் போகிறதாம், நீங்கதானே ஓடுதுன்னு எழுதிக் குடுத்தீங்க என்று என்ஜினீயர் கையை உதறிவிட்டாராம். அண்ணே, நாலு நாள்தான் இருக்கு, தனியா முடியாது என்றான். பயந்து வந்தானா மனசு உறுத்தி வந்தானா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அம்மா அவனுக்கும் தட்டு வைத்தாள், சாப்பிட்டு எழுந்ததும் டூல் பையை எடுத்தேன். இன்வெர்ட்டர் நகராட்சிக் கிடங்கில் பெட்டிகூடப் பிரிக்காமல் கிடந்தது, திங்கட்கிழமை கேட்ட அஞ்சாவது நிமிடம் சாவி வந்தது. ஒரு சாவிக்கு ஒன்பது மனு கேட்கிற ஆபீசில் இவ்வளவு சுருக்கா என்று அதுவும் சந்தேகம்தான். அறிக்கையில் மின்சாரத்தில் ஓடும் குப்பை வண்டி பன்னிரண்டு என்று இருக்கிறது, நான் பார்த்தது ஒன்று, அதே ஒன்றுதான் பன்னிரண்டு தெருவுக்கும் வருகிறதோ என்னவோ.

வேலைப் பேச்சு தவிர வேறு பேசாமல் புதன்கிழமை இணைத்து முடித்தோம். மெயின் பெட்டிக் கதவின் உள்பக்கம் இணைத்த தேதியை எழுதுவது என் பழக்கம், எழுதிவிட்டுக் கதவைச் சாத்தப் போனேன். மார்க்கரைக் குடுண்ணே என்று வாங்கி, அந்தத் தேதிக்குக் கீழே தன் பெயரையும் லைசென்ஸ் எண்ணையும் எழுதினான். சான்றிதழுக்குக் கிட்டத்தட்ட மூன்று மாதம் பிந்திய தேதி, யார் திறந்து பார்த்தாலும் மாட்டிக்கொள்வான். அழிச்சிடுடா என்றேன். இருக்கட்டும்ணே என்றான். வியாழக்கிழமை குழு வந்தது, மீட்டரைப் பார்த்தது, போட்டோ எடுத்தது, போய்விட்டது. ஓடுகிறதா என்று பார்த்தார்களே தவிர எப்போதிலிருந்து என்று ஒருவரும் கேட்கவில்லை, கதவையும் திறக்கவில்லை. நான் மட்டும் தினமும் பேப்பர் படிக்கிற சாக்கில் போய்த் திறந்து பார்க்கிறேன். இன்று காலை வரை அவன் எழுதியது அப்படியே இருக்கிறது.

சித்தப்பாவுக்கு ஒரு போன் போடு, இதைக் கேட்காதே, முதுகுவலி எப்படி என்று கேள். உன் அறையில் ஹீட்டர் பிளக் சுடுகிறது என்றாயே, உடனே மாற்று, நாளைக்கு என்று தள்ளாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நூறாண்டு வாழ வேண்டும் என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அப்பா