படுக்கை நனையாதிருக்கத் தண்ணீரை நிறுத்துவது குறித்து

அனுப்புநர்:
மனு எழுதும் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர்,
ஆண்கள் கூடம், சன்னலோரக் கட்டில்,
முதியோர் பராமரிப்பு இல்லம்.

பெறுநர்:
சுகாதார அலுவலர் அவர்கள்,
முதியோர் இல்லங்கள் ஆய்வுப் பிரிவு.

பொருள்: பெண்கள் கூடத்தில் சிறுநீர்த் தொற்றின் அறிகுறிகளோடு நினைவு தடுமாறிக் கிடக்கும் அம்மையாருக்கு இன்றே மருத்துவ உதவி கோருதல், மாலைக்குப் பிறகு தண்ணீர் மறுக்கும் வழக்கத்தை நிறுத்தக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அலுவலர் அவர்களுக்கு வணக்கம்.

1. இதை முழுவதும் படித்து முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று தயவுசெய்து எண்ண வேண்டாம். இந்தப் பத்தியைப் படித்ததும் ஒரு மருத்துவரை அழைத்துக்கொண்டு வண்டியில் ஏறுங்கள், மீதியை வழியில் படித்துக்கொள்ளலாம். இங்கே எல்லோரும் 'டெலிபோன் அம்மா' என்று அழைக்கும் அம்மையார் சனிக்கிழமையிலிருந்து தன்னிலை மறந்து கிடக்கிறார். அவருக்குச் சிறுநீர்ப் பரிசோதனை செய்ய வேண்டும், முறையான மருந்து கொடுக்க வேண்டும். அதற்குப் பதிலாகத் தூக்க மாத்திரை கொடுத்துக் கையைக் கட்டிலோடு கட்டிப் போட்டிருக்கிறார்கள். இப்படியே விட்டால் அவர் பிழைக்க மாட்டார் என்று அஞ்சுகிறேன்.

2. நான் யார் என்று கேட்பீர்கள். அரசு அலுவலக வாசலில் மரப்பெட்டிமேல் தட்டச்சு இயந்திரத்தை வைத்துக்கொண்டு, ஊராருக்கு மனு எழுதிக் கொடுத்தே குடும்பம் நடத்தியவன். 'தங்கள் பொற்பாதம் பணிந்து', 'ஏழையேன் கண்ணீருடன்' என்றெல்லாம் ஆயிரம் முறை அடித்த விரல்கள் இவை. எந்த மனு எந்த மேசையில் எத்தனை காலம் தூங்கும் என்பது எனக்கு அத்துப்படி. ஆகவே பணிவுச் சொற்களை இன்று விட்டுவிட்டேன். மரியாதைக் குறைவாகக் கருத வேண்டாம், நேரம் இல்லை.

3. இந்த இல்லத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாலைச் சிற்றுண்டி முடிந்ததும் ஓர் ஆயா தள்ளுவண்டியோடு வருவார். கட்டிலுக்குக் கட்டில் நின்று தண்ணீர் ஜக்கையும் டம்ளரையும் எடுத்து வண்டியில் அடுக்கிக்கொண்டு போய்விடுவார். இதற்கு ஜக்கு வண்டி என்று பெயர். அது போன பிறகு மறுநாள் காலைத் தேநீர் வரும்வரை இங்கே ஒருவருக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. கேட்டால், 'ராத்திரி நிம்மதியா தூங்க வேண்டாமா பாட்டி? தண்ணி குடிச்சா எழுந்து எழுந்து போகணும்ல?' என்று கொஞ்சுவார்கள். கொஞ்சலில் ஒன்றும் குறைச்சல் இல்லை.

4. உண்மைக் காரணம் வேறு. இரவில் ஒரு கூடத்துக்கு ஒரே ஆயா. ஒருவருக்கு ஓர் இரவுக்கு ஒரே டயப்பர். காலையில் படுக்கை காய்ந்திருந்தால் ஆயாவுக்குப் பாராட்டு, ஞாயிறு விடுப்பு. நனைந்திருந்தால் எல்லோர் முன்னாலும் திட்டு. இது போதாதென்று, துடைக்கும்போது ஒரே கையுறையோடு ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போகிறார்கள். 'கழுவிட்டு வாங்கம்மா' என்று சொன்ன என் அக்காவுக்குக் கிடைத்த பதில்: 'அதான் கிளவுஸ் போட்டிருக்கேனே!' கையுறை அவர் கைக்குப் பாதுகாப்பு. அடுத்த கட்டிலில் கிடப்பவளுக்கு என்ன பாதுகாப்பு என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

5. என் அக்காவும் அண்மைக்காலம்வரை இங்கேதான் பெண்கள் கூடத்தில் இருந்தாள். பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தவள். நாக்கு கத்தரிக்கோல் மாதிரி. தினமும் காலையில் வராந்தாவுக்கு வந்து, நான் செய்தித்தாளை மடிக்கும் விதத்தைக் குறை சொல்லாமல் அவளுக்கு நாள் தொடங்காது. பத்து நாளைக்கு முன் ஒரு காலையில் வந்தாள், என்னை மேலும் கீழும் பார்த்தாள். 'யாருப்பா நீ, பட்டன் கேட்டு வந்தியா? பட்டன் இன்னும் வரலை, சாயங்காலம் வா' என்றாள். கூடப் பிறந்தவனைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னாள். ஆயாக்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

6. இல்லத்துக்கு வந்து போகும் மருத்துவரிடம் ஓடினேன். அவர் வாசற்படியிலேயே நின்றுகொண்டு, 'காய்ச்சல் இருக்கா?' என்றார். இல்லை என்றார்கள். 'அப்புறம் என்ன? வயசாச்சுங்க பெரியவரே, இந்த வயசுல மூளை இப்படித்தான் வேலை செய்யும்' என்றார். தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த இல்லத்துக்குப் போய்விட்டார். அக்காவின் கட்டில்வரை அவர் கால் போகவில்லை. முந்தின நாள்வரை என்னைக் கிழி கிழியென்று கிழித்தவளுக்கு ஒரே இரவில் எங்கிருந்து ஐயா வயது வந்தது?

7. அக்கா மகளுக்குச் சொல்லி அனுப்பினேன். அவள் வந்து வாசலில் காவலாளியோடும் மேலாளரோடும் மல்லுக்கட்டி, தன் அம்மாவை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரிய மருத்துவமனைக்குப் போனாள், நானும் கூடவே ஏறிக்கொண்டேன். அங்கே சிறுநீரைச் சோதித்தார்கள். தொற்று முற்றி இரத்தத்தில் கலக்கத் தொடங்கியிருந்தது. உடம்பில் நீரே இல்லை என்றார்கள். அங்கிருந்த பெண் மருத்துவர் பொறுமையாக உட்கார்ந்து எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: 'ஐயா, வயசானவங்களுக்குச் சில நேரம் காய்ச்சலே வராது. புத்திதான் முதல்ல தடுமாறும். நல்லா பேசிட்டிருந்தவங்க திடீர்னு மாறிட்டா அதை வயசுன்னு தள்ளிடாதீங்க. உள்ள ஏதாவது வியாதி இருக்கான்னு தேடணும்.'

8. ஊசி வழியாக மருந்தும் நீரும் ஏறின. சில நாளில் கண்ணைத் திறந்து பார்த்தவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, 'ஏண்டா, சட்டையை அயர்ன் பண்ணாமலா ஆஸ்பத்திரிக்கு வருவே?' என்பது. நர்ஸ் முன்னால் அழுதுவிட்டேன். அழுததற்கும் திட்டு விழுந்தது. இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. இந்த நோய் தீரக்கூடியது. நேரத்தில் பார்த்தால் ஆளைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. தீரக்கூடிய நோயை வயது என்று சொல்லிப் போர்வையால் மூடுகிறார்களே, அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

9. இனி டெலிபோன் அம்மா. அக்காவின் பக்கத்துக் கட்டில். தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்தவர். நல்ல தமாஷ்காரர். சாப்பிடக் கூப்பிட்டால், 'லைன் பிசி, கொஞ்சம் வெயிட் பண்ணுங்க' என்பார், கூடமே சிரிக்கும். சனிக்கிழமை காலையிலிருந்து அவர் போர்வை நூலைப் பிடித்து இழுத்து இழுத்து எங்கோ செருகுகிறார். 'ஹலோ, ஹலோ, லைன்ல இருக்கீங்களா?' என்று வெறும் காற்றில் கூப்பிடுகிறார். பதில் வராதபோது அவர் முகத்தில் வரும் பயத்தைப் பார்க்க முடியவில்லை. ஆயாக்களோ, 'அந்தம்மா எப்பவும் இப்படித்தானே விளையாடும்' என்கிறார்கள். விளையாட்டுக்கும் வியாதிக்கும் வித்தியாசம் தெரியாதவர்களிடம் எங்கள் உயிரை ஒப்படைத்திருக்கிறீர்கள்.

10. மேலாளரிடம் போய், என் அக்காவுக்கு வந்ததேதான் இவருக்கும் வந்திருக்கிறது, மருத்துவமனைக்கு அனுப்புங்கள் என்று சொன்னேன். அவர் அலமாரியைத் திறந்து, வேறு யாருக்கோ தொற்றுக்காக வாங்கி மிஞ்சிய பாதி அட்டை மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். இரண்டு வேளை கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சற்று அமைதியானதும் நிறுத்திவிட்டார்கள். இன்று காலை முன்னிலும் மோசம். கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தார் என்று தூக்க மாத்திரையைக் கொடுத்துத் துணிப்பட்டையால் மணிக்கட்டைக் கம்பியில் கட்டிவிட்டார்கள். வெளிநாட்டிலிருக்கும் மகன் அழைத்தபோது மேலாளர் சொன்ன பதிலை நானே என் காதால் கேட்டேன்: 'அம்மா நல்லா தூங்கறாங்க சார், எழுப்ப வேண்டாம்னு பார்க்கறேன்.' பொய் என்று சொல்ல முடியாது. தூங்கத்தான் வைத்திருந்தார்கள்.

11. மறுபடியும் கேட்டேன். இந்த முறை மேலாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, 'பெரியவரே, உங்க அக்காவுக்காகக் கத்தினீங்க, சரி, சொந்தம். இந்தம்மா உங்களுக்கு யாரு?' என்றார். கையில் கைத்தடி இருந்தது. என்னை நானே அடக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இன்னும் மருத்துவமனையில் இருக்கும் அக்காவைப் போய்ப் பார்த்துச் சொன்னபோது அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். 'எனக்கு நீ இருந்தே, சத்தம் போட்டே. அவளுக்கு இங்க யாருடா இருக்கா? ஊருக்கெல்லாம் எழுதினியே, அவளுக்கு ஒண்ணு எழுதக் கை வரலையா உனக்கு?' என்றாள். அதனால் எழுதுகிறேன். அவர் எனக்கு யாரும் இல்லை. இந்த மனுவைக் கொடுக்க அதற்குமேல் தகுதி வேண்டும் என்று எந்த விதி சொல்கிறது என்று தெரிவிக்கவும்.

12. இனி எழுதப்போவது தங்களுக்குப் பிடிக்காது. அலுவலக அறையில் மேலாளரின் தலைக்குமேல் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பாராட்டுச் சான்று தொங்குகிறது. தங்கள் பிரிவு கொடுத்தது. 'கூடங்களில் துர்நாற்றம் சிறிதும் இல்லை, படுக்கைகள் உலர்ந்து தூய்மையாக உள்ளன' என்று அதில் உள்ளது. சென்ற ஆண்டு ஆய்வுக்கு வந்த தங்கள் ஆட்கள் கூடத்துக்குள் நுழைந்ததும் மூக்கை உறிஞ்சிப் பார்த்ததை நான் கண்ணால் கண்டேன். நாற்றம் இல்லை, திருப்தி, கையெழுத்து, தேநீர். மனிதருக்குத் தண்ணீரைக் கொடுக்காவிட்டால் படுக்கை எப்படி ஐயா நனையும்? ஒருவராவது ஒரு முதியவரின் உலர்ந்த உதட்டைப் பார்த்தார்களா? 'ராத்திரி தாகம் எடுத்தா என்ன செய்வீங்க?' என்று ஒரு வார்த்தை கேட்டார்களா? அந்தச் சான்று வந்த பிறகுதான் ஜக்கு வண்டி முன்பைவிட நேரத்தோடு வருகிறது. எங்களை உலர வைத்ததில் தங்கள் கையெழுத்துக்கும் பங்கு உண்டு.

13. ஆயாக்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத ஆசைதான், ஆனால் பொய் எழுத மாட்டேன். சிரித்தவர்கள்மேல் இருக்கிறது. ஆனாலும் இத்தனை கட்டிலுக்கு ஒருத்தி என்று விட்டால் அவள்தான் என்ன செய்வாள்? அவளுக்கும் இடுப்பு ஒடிகிறது. தண்டிக்கும்போது கடைசியில் நிற்பவளைத் தண்டித்துக் கோப்பை மூடிவிடாதீர்கள். அந்தத் தந்திரம் எனக்குத் தெரியும், அப்படி மூடிய கோப்புகளுக்கு எதிராக நிறைய மேல்முறையீடு எழுதியிருக்கிறேன்.

14. ஆகவே நான் கேட்பது இதுதான். டெலிபோன் அம்மாவை இன்றே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும், சோதனை செய்து உரிய மருந்தை முழுக் காலமும் கொடுக்க வேண்டும். மகனுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். ஜக்கு வண்டியை நிறுத்தி, இரவிலும் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் வைக்க வேண்டும். இரவுக்குக் கூடுதல் ஆள் போட்டு, நனைந்ததும் மாற்ற வேண்டும். கட்டிலுக்குக் கட்டில் கையைக் கழுவிக் கையுறையை மாற்றச் சொல்லித் தர வேண்டும். யாராவது திடீரென்று தடுமாறிப் பேசினால், மருத்துவர் கட்டிலருகே வந்து தொட்டுப் பார்க்காமல் தூக்க மாத்திரை எழுதக்கூடாது. அந்தச் சான்றைச் சுவரிலிருந்து கழற்ற வேண்டும், அதையும் தாங்களே வந்து கழற்ற வேண்டும்.

15. முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வர வேண்டாம். கொடுத்தால் கட்டில்தோறும் நிறை ஜக்கு இருக்கும், நாங்களும் தலை வாரிப் பவுடர் பூசி உட்கார வைக்கப்பட்டிருப்போம். இந்த மனுவை என் அக்கா மகள் நேரில் கொண்டுவருகிறாள். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை கேட்பாள். அலுவலர் வெளியே போயிருக்கிறார், நாளைக்கு வாருங்கள் என்று சொல்லிப் பார்க்கலாம். அவள் நகர மாட்டாள், அம்மாவைப் போலவே வளர்ந்தவள். எங்களுக்கு வயதாகிவிட்டது உண்மை. அது நோய்க்குச் செய்ய வேண்டிய சிகிச்சைக்கு விலக்கு அல்ல. உடனே புறப்பட்டு வருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நாள்: திங்கட்கிழமை, மாலை.
இடம்: பெண்கள் கூடத்து வராந்தா.

இப்படிக்கு,
(ஒப்பம்)
மனுதாரர்

பின்குறிப்பு: கையெழுத்துப் போடும்போது ஜக்கு வண்டி வந்து போய்விட்டது. டெலிபோன் அம்மா மாத்திரையின் மயக்கம் தெளிந்து, தண்ணீர், தண்ணீர் என்று வாய்விட்டுக் கேட்டார். நான் போர்த்தியிருந்த போர்வைக்குள் ஒரு டம்ளர் தண்ணீரை மறைத்து வைத்திருந்தேன். அவர் மணிக்கட்டில் இருந்த கட்டை நானே அவிழ்த்தேன். சிரித்த ஆயாக்களில் ஒருத்தியே வந்து அவரை நிமிர்த்தி உட்கார வைத்துத் தாங்கிக்கொண்டாள். கரண்டி கரண்டியாக, விழுங்குவதைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தேன். முழு டம்ளரையும் குடித்தார். படுக்கை நிச்சயம் நனையும். இது இல்லத்தின் விதிகளை மீறிய செயல், செய்தவன் நான் ஒருவனே. ஒரு நோயாளிக்காக வர விதியில் இடம் இல்லையென்றால், என்மேல் நடவடிக்கை எடுக்கவாவது இன்றே நேரில் வாருங்கள்.