மே மாதத்து அருவிகள்

19.3.1999, வெள்ளி

மே மாதப் பயணத்துக்காக மூன்று வாரமாக ரயில் கால அட்டவணையைப் புரட்டி, மங்களூரிலிருந்து கொங்கண் வழியாகப் போகும் பகல் வண்டியைத் தேர்ந்தெடுத்திருந்தேன். மலையும் அருவியும் இருட்டில் கடந்துவிடக் கூடாது. ஜூனில் மகள் சுதா கல்லூரி விடுதிக்குப் போய்விடுவாள். மூவரும் சேர்ந்து போகிற கடைசி விடுமுறை இதுவாகத்தான் இருக்கும்.

இன்று விடுப்புக் கடிதத்தில் ஏகாம்பரத்தின் கையெழுத்துக்காக நின்றேன். எனக்கு வரவேண்டிய பதவியில் உட்கார்ந்திருப்பவன். எந்த வழி என்று கேட்டான். சொன்னேன்.

"இன்னா சார், மே மாசத்துல அருவி எங்க கீது? வெறும் பாறைய பாக்கவா இம்மாந்தூரம் போறீங்க? மழைல போனாதான் சார் தண்ணி."

அறையே சிரித்தது. எனக்குத் தோன்றாதது அவனுக்குத் தோன்றியிருக்கிறது. அதுதான் தாங்கவில்லை.

இரவு சாப்பிட உட்கார்ந்தேன். அருவி எதுவும் இருக்காதாம் என்று சுதாவிடம் சொன்னேன்.

"தெரியும்பா. அம்மாவுக்கும் தெரியும்."

"ஏன் சொல்லல?"

"அட்டவணைய பாக்கறப்போ மட்டுந்தான் நீ யாரையும் திட்டாம இருந்த. அதான்."

சமையலறையில் மனைவியின் பாத்திரச் சத்தம் நின்றது.

"வேற வழி பாக்கட்டுமா?" என்றேன்.

"வேணாம்பா, அதுலயே போலாம். ஆனா வண்டில ஏகாம்பரம் பேச்ச எடுக்கக் கூடாது. சரியா?"

சரி என்று சொல்லியிருக்கலாம். நேரமாகிறது, போய்ப் படு என்றேன்.